மூன்று மில்லிகிராம்

சாவகச்சேரி நீதிமன்றத்தில் இப்போது மொழிபெயர்ப்பாளர்களாக இருக்கும் இருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். நாட்டில் நிறுத்தல் அளத்தல் எல்லாம் கிலோவுக்கும் மீற்றருக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. பொலிசார் பிடித்த கள்ளச் சாராயமான கசிப்பை மில்லிலீற்றரில் எழுதிக்கொண்டு வருகிறார்களாம். சாட்சிக்காரர் போத்திலிலும் அரைப் போத்திலிலும் சொல்கிறார்களாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் பாடு திண்டாட்டம் என்றார்கள்.

"உங்கடை காலத்திலை உந்தக் கரைச்சல் இருந்திருக்காது ஐயா," என்றார் இளையவர்.

"இருந்தது," என்றேன். "ஒரேயொரு நாள் இருந்தது."

அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். முப்பத்திரண்டு வருடம் கோட்டில் நின்றவன் நான். மற்றவர்களின் பேச்சை இரண்டு பாஷையிலும் சொல்லியே காலம் போய்விட்டது. என் பேச்சாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் படிப்பு மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு. அங்கே மேல்வகுப்பில் சயன்ஸ் ஒரு பக்கம், இலத்தீன் ஒரு பக்கம். நான் இலத்தீன் பக்கம் போனேன். கேம்பிரிட்ஜ் சீனியர் பாஸ் பண்ணி, எழுதுவினைஞர் சோதனை எடுத்து, அரசாங்க அதிபரின் கச்சேரியில் இரண்டு வருடம் கடிதம் பிரதி பண்ணினேன். பிறகு யாழ்ப்பாணம் கோட்டில் துவிபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. போனேன். வேலை நிரந்தரமாக மூன்று வருடம் நல்லபடி கழிய வேண்டும்.

எனக்கு மேலே இருந்த தலைமைத் துவிபாஷி முதலியார் வைத்திலிங்கம். மெலிந்த, உயர்ந்த மனிதர். மூடுகோட்டும் தலைப்பாகையும் ஒருநாளும் மாறாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு சொல்லை நான் பிழையாகச் சொன்னால் என்னைப் பார்க்கமாட்டார். தன் கைவிரல் நகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

அவர் சொல்லித்தந்த முறைகள் சில. துவிபாஷி சாட்சிக்கூண்டுக்கும் தீர்ப்புச் சொல்லும் யூரிமாருக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் முகம் தெரிய வேண்டும். சாட்சி "நான் அடிச்சனான்" என்றால் "நான் அடித்தேன்" என்றே இங்கிலீசில் சொல்ல வேண்டும், "அடித்ததாக அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, விளக்கவும் கூடாது. "கோட்டிலை உமக்கு நான் எண்டு ஒண்டு இல்லை காணும்," என்பார். "அந்தச் சொல்லு மற்றவைக்குச் சொந்தம்."

அவரிடம் ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. நாற்பது வருடத்துச் சொற்கள் அதில் இருந்தன. சாட்சி "கூப்பிடு தூரம்" என்றால் இங்கிலீசில் என்ன, டாக்குத்தர் 'கிறேன்' என்று நிறை சொன்னால் தமிழில் என்ன, எல்லாம் எழுதியிருந்தார். கிறேனுக்கு நேரே "ஒரு நெல்லின் நிறை என்க" என்று இருந்தது. அதை நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். மில்லிகிராம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு நாலைந்து வருடம் முந்தி ஒரு பங்குனி மாதம், கொழும்பிலிருந்து சுப்பிறீம் கோட்டு நீதியரசர் செசன் விசாரணைக்கு யாழ்ப்பாணம் வந்தார். அந்தச் செசனில் ஒரு கொலை வழக்கு. வழக்கமாகச் செசனில் முதலியார்தான் நிற்பார். அந்த வருடம் அவருக்குத் தொண்டை கட்டி நீண்ட நேரம் பேச முடியாமல் இருந்தது. என்னை நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் கதிரை போட்டு இருந்தார்.

எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஒரு பெண். பெயர் பொன்னம்மா. உரும்பிராய்ப் பக்கம், வயது முப்பதுக்குள். புருசன் கந்தையா புகையிலைத் தோட்டக்காரன். வெகுகாலமாகத் தொய்வு என்கிற இழுப்பு வருத்தக்காரன். நாட்டு வைத்தியரான பரியாரி ஒருவரிடம் குளிகை வாங்கித் தின்றுவந்தான். ஒருநாள் வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்து, மறுநாள் விடிய இறந்துபோனான். பாடை கட்டும்போது அவனுடைய தம்பி ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் போய், அண்ணிதான் நஞ்சு வைத்தாள் என்று சொன்னான். இரண்டு கிழமைக்கு முந்தி அவள் சந்தையில் எலிப்பாஷாணம் வாங்கியதைக் கண்ட ஆள் இருந்தது. அவள் மறுக்கவில்லை. வீட்டில் எலி, வாங்கினேன், வைத்தேன், மிச்சத்தை மண்ணில் தாட்டுவிட்டேன் என்றாள். பிரேதத்தை எரிக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டினார்கள். உள்ளுறுப்புகள் போத்தல்களில் கொழும்புக்குப் போயின. அங்கே பரிசோதித்த இரசாயன பரிசோதகர்தான் அன்றைய சாட்சி. சீமையில் படித்துவிட்டு வந்த, தமிழ் தெரியாத இளம் ஆள்.

யூரிமார் ஏழு பேரும் தமிழர், இங்கிலீசு தெரியாதவர்கள். இங்கிலீசில் வரும் சாட்சியத்தை அவர்களுக்கும் எதிரிக்கும் நான் தமிழில் சொல்ல வேண்டும். நீதியரசர் வெள்ளைக்காரர். அரசு தரப்பு வழக்கறிஞர் கொழும்புச் சிங்களவர். எதிரிக்காக வாதாட அரசாங்கமே நியமித்த அப்புக்காத்து ஒரு பறங்கிக்காரர், அவருக்கும் தமிழ் வராது. அவருக்கு உதவியாக இருந்த பிரக்கிராசி தமிழர்தான். ஆனால் அந்த நேரம் பரியாரியைச் சாட்சிக்குக் கூட்டிவர வெளியே போயிருந்தார். நான் சொல்லும் தமிழ் சரியா பிழையா என்று பார்க்க, பின்னால் இருந்த முதலியாரைத் தவிர ஆள் இல்லை.

அரசு வழக்கறிஞர் கேட்டார்: "எதிரியின் கணவனின் உடற்பகுதிகளில் பாஷாணம் இருந்ததா?"

"இருந்தது," என்றார் சாட்சி.

"எவ்வளவு?"

"எல்லாமாக மூன்று மில்லிகிராம்."

அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கிராம் என்பது நிறை என்று மட்டும் தெரியும். ஒரு நொடி நின்றேன். துவிபாஷி நிற்கக்கூடாது, நின்றால் எல்லாரும் அவனைத்தான் பார்ப்பார்கள். எனக்குள் இருந்த இலத்தீன் எழும்பி வந்தது. மில்லே என்றால் ஆயிரம். எத்தனை தரம் மனப்பாடம் பண்ணிய சொல்.

"மூவாயிரம் கிராம்," என்று யூரிமாரைப் பார்த்துச் சொன்னேன்.

சபையில் ஒரு இரைச்சல் எழுந்து அடங்கியது. கிராம் என்றால் எவ்வளவு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது இறாத்தலும் அவுன்சும். ஆனால் மூவாயிரம் என்றால் எல்லாருக்கும் தெரியும். முன்வரிசையில் இருந்த யூரிக்காரர் ஒருவர், மூக்குக்கண்ணாடி போட்டவர், அதைக் குறித்துக் கீழே கோடு இழுத்தார். பிறகு தலையைத் தூக்கிக் கூண்டில் நின்ற பெண்ணைப் பார்த்தார். அதுவரை அவர் அவளை அப்படிப் பார்க்கவில்லை.

அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் மெல்ல அசைந்தது. சத்தம் வரவில்லை.

அடுத்ததாகச் சாட்சி ஒரு பெட்டியைத் திறந்து மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தார். பிரித்தெடுத்த பாஷாணத்தில் ஒரு பங்கு இதில் படிந்திருக்கிறது என்றார். குழாய் கைமாறி யூரிமாரிடம் போகும்போது என் முகத்துக்கு முன்னால் போனது. உள்ளே கறுப்பாக ஒரு கறை, சுண்டுவிரல் நகத்தளவும் இல்லை. நான் அவர் சொன்னதைச் சொல்லிக்கொண்டே போனேன். ஆனால் கண் அந்தக் கறையிலேயே நின்றது. மூவாயிரத்தில் ஒரு பங்கு இவ்வளவுதானா?

திரும்பி முதலியாரைப் பார்த்தேன். அவர் நகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு நீதியரசர் எழுந்தார். சபை ஒன்றரைக்குத் திரும்பவும் கூட இருந்தது. சாட்சி வாசலில் நின்று சுருட்டுப் பற்றவைத்தார். அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் சாட்சியம் முடியாத ஆளுடன் வழக்கைப் பற்றிக் கதைத்தால் அதுவே குற்றம். சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியகடைத் தெருவுக்கு ஓடினேன். அங்கே சுல்தான் நானா என்று ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தார். கொழும்பில் முறையாகப் படித்துச் சோதனை பாஸ் பண்ணியவர். பிரான்சிலிருந்து வரும் மருந்தும் விற்பார்.

"நானா, மில்லிகிராம் எண்டால் என்ன?" மூச்சு வாங்கியது.

"இருந்து கேளும் தம்பி. வேர்த்து வடியுது."

"இருக்க நேரமில்லை. மில்லே எண்டால் இலத்தீனிலை ஆயிரம்தானே?"

"ஓம், ஆயிரந்தான். ஆனால் எந்தப் பக்கத்து ஆயிரம் எண்டு பார்க்கவேணும்." மேசை லாச்சியை இழுத்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். "பிரெஞ்சுக்காரர் உந்த அளவுகளை உண்டாக்கேக்கை ஒரு ஒழுங்கு வைச்சவை. பெருக்கிறதுக்கு கிரேக்கச் சொல்லு, பிரிக்கிறதுக்கு இலத்தீன் சொல்லு. கிலோ கிரேக்கம்; அதுவும் ஆயிரந்தான். கிலோகிராம் எண்டால் ஆயிரம் கிராம். மில்லி இலத்தீன். மில்லிகிராம் எண்டால் ஒரு கிராமை ஆயிரமாய்ப் பிரிச்சு அதிலை ஒண்டு."

பெட்டிக்குள் வரிசையாகப் பித்தளை நிறைப்படிகள். கடைசியில் கண்ணாடி மூடியின் கீழ் சில வெள்ளைத் தகடுகள். சின்ன இடுக்கியால் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் வைத்தார்.

"இது அஞ்சு மில்லிகிராம். மூச்சைப் பிடியும், பறந்திடும்."

மீன் செதிளில் ஒரு துணுக்குப் போல இருந்தது. அதைவிடக் குறைவுதான் கந்தையாவின் உடம்பில் இருந்தது. நான் சொன்ன மூவாயிரம் கிராம் எவ்வளவு என்று கேட்டேன். நானா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "ஆறரை இறாத்தலுக்கு மேலை வரும். ஏன்?"

நான் அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

கோட்டுக்குத் திரும்பியபோது ஒன்று பத்து. முதலியார் தன் அறையில் சாப்பிட்டு முடித்துக் கைகழுவித் துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். துடைப்பது நிற்கவில்லை.

"நீதியரசர் கையாலை எழுதினது என்ன?"

"மூண்டு மில்லிகிராம்."

"அப்ப ஏட்டிலை பிழை இல்லை."

"யூரியாற்றை காதிலை இருக்குதே ஐயா."

துவாயை மடித்து வைத்தார். கட்டிய தொண்டையால் மெல்லக் கதைத்தார். "கேளும். நீர் எழும்பிச் சொன்னால், உந்த யூரி பழுதாய்ப் போச்சுது எண்டு கலைச்சுப்போடுவினம். அடுத்த செசன் வருமட்டும் அந்தப் பொம்பிளை மறியற்சாலையிலை கிடக்கவேணும். ஆறு மாசம். அவளுக்கு நல்லது செய்யிறன் எண்டு நினையாதையும். உம்மடை வேலையும் போகும். என்ரை பேரும் போகும். உம்மை நிப்பாட்டினது நான்."

"அப்ப என்ன செய்ய?"

"பின்னேரம் குறுக்கு விசாரணையிலை அந்தச் சொல்லு திரும்ப வரும். அப்ப சரியாய்ச் சொல்லும். காலமை சொன்னது தன்பாட்டிலை அழியும்." எழுந்து தலைப்பாகையை வைத்தார். "நீர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். மறியலில் ஆறு மாதம் என்பது சும்மா பேச்சல்ல. விறாந்தையில் தூணோடு நின்று பத்து நிமிடம் யோசித்தேன். அந்தக் கண்ணாடிக்காரர் கோடு இழுத்ததுதான் திரும்பத் திரும்ப வந்தது. காலையில் மூவாயிரம் என்றும் பின்னேரம் ஆயிரத்தில் மூன்று என்றும் சொன்னால் அவர் எதை நம்புவார்? எதிரிப் பக்கத்து அப்புக்காத்து ஏதோ சுத்துமாத்துப் பண்ணி அளவைக் குறைக்கிறார் என்றுதான் நினைப்பார். அவளைத் தூக்கில் போட அது போதும்.

ஒன்றரைக்குக் கதவில் தட்டினார்கள். எல்லாரும் எழுந்தோம். நீதியரசர் இருந்தார், பேனையை எடுத்தார். எதிரியின் அப்புக்காத்து குறுக்கு விசாரணைக்கு எழும்ப முன் நான் ஓரடி முன்னுக்கு வந்தேன்.

"மை லோட், காலையில் கொடுத்த மொழிபெயர்ப்பை நான் திருத்த வேண்டும்."

நீதியரசர் தலையைத் தூக்கினார். "யார் பேசுவது? சாட்சியா, நீரா?"

"நான், மை லோட்."

அந்த இடத்தில் நின்று எனக்காக 'நான்' என்ற சொல்லை அதுவரை நான் சொன்னதில்லை. நீதியரசர் பேனையை வைத்துவிட்டார்.

"சாட்சி மூன்று மில்லிகிராம் என்றார். நீர் யூரிமாருக்கு என்ன சொன்னீர்? சொன்ன சொல்லை அப்படியே சொல்லும்."

சொன்னேன். அதற்கு இங்கிலீசில் அர்த்தமும் சொன்னேன். பறங்கி அப்புக்காத்து கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். நீதியரசர் சாட்சியைப் பார்த்தார்.

"மில்லிகிராம் என்றால் என்ன?"

"கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மை லோட்."

"இந்தத் துவிபாஷி சொன்னது அதைவிட எத்தனை மடங்கு?"

சாட்சி கொஞ்சம் யோசித்தார். "பத்து லட்சம் மடங்கு, மை லோட்."

எனக்குப் பின்னால் முதலியாரின் கதிரை ஒருதரம் கிறீச்சிட்டது.

அரசு வழக்கறிஞர் எழுந்து, இந்த யூரியைக் கலைத்துவிட்டு வழக்கை அடுத்த செசனுக்கு வைப்பதே முறை என்றார். நீதியரசர் எதிரியின் அப்புக்காத்தைப் பார்த்து, உங்கள் கட்சிக்காரியின் விருப்பத்தை அறிந்து சொல்லுங்கள் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

கூண்டடியில் போய் நின்றேன். அவர் இங்கிலீசில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். காலையில் சொன்ன கணக்குப் பிழை. உன் புருசனின் உடம்பில் கண்டது மெத்தச் சொற்பம். இதே யூரியோடு தொடரலாம். அல்லது அவர்களை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் புது யூரியிடம் போகலாம். எது விருப்பம்?

அவள் அப்புக்காத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"காலமையும் நீங்கள்தான் சொன்னனீங்கள். இப்பவும் நீங்கள்தான் சொல்லுறியள். எது சரி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதை நான் இங்கிலீசில் சொல்ல வேண்டும். சொன்னேன். அப்புக்காத்து, தொடர்வதே நல்லதென்று தான் நினைப்பதாகச் சொல்லச் சொன்னார்.

"முடியட்டும்," என்றாள். "இந்த ஆக்களோடையே முடியட்டும். இனி என்னாலை ஏலாது."

நீதியரசர் அதைக் கேட்டு யோசித்தார். தொடர்வோம் என்றார். முதலில் யூரிமாருக்கு அளவு விளங்க வேண்டும், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொருளை வைத்துச் சொல்லும் என்று சாட்சியிடம் கேட்டார். சாட்சி தன் சட்டைப்பையைத் தடவி ஒரு வெள்ளிப் பத்துச் சதக் குற்றியை எடுத்தார்.

"இது ஒரு கிராமுக்குச் சற்றுக் கூட. இதை ஆயிரம் துண்டாக வெட்டினால், அதில் மூன்று துண்டு அளவுதான் நான் கண்டது."

தமிழில் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "காலையில் மூவாயிரம் கிராம் என்று துவிபாஷி சொன்னது துவிபாஷியின் பிழை. சாட்சி அப்படிச் சொல்லவில்லை. அதை மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள்," என்று நீதியரசர் சொன்னதையும் நானே சொன்னேன். கண்ணாடிக்காரர் தன் தாளை எடுத்து, எழுதியிருந்ததைக் குறுக்கே வெட்டினார். ஒருதரம் அல்ல, நாலைந்து தரம்.

நீதியரசர் என்னைப் பார்த்தார். "இனி ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே சொல்லும். சாப்பிட்டுவிட்டு வந்து அல்ல."

"ஓம், மை லோட்," என்றேன். இங்கிலீசில் 'யெஸ்' என்று சொல்லவும் மறந்துவிட்டேன்.

குறுக்கு விசாரணையில், ஆளைக் கொல்ல இந்த அளவு போதாது என்று சாட்சி ஒப்புக்கொண்டார். ஆனால் வாந்தியோடு மிச்சம் வெளியே போயிருக்கலாமே என்று அரசு வழக்கறிஞர் திருப்பிக் கேட்டபோது, அதுவும் நடக்கக்கூடியது என்றார். அடுத்த நாள் பரியாரி வந்து, தன் தொய்வுக் குளிகையில் சுத்திபண்ணிய பாஷாணம் சேருவதைச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் ஊரில் வேறு இருவரும் வாந்திபேதியில் இறந்ததாக டாக்குத்தர் சொன்னார். யூரிமார் ஒன்றேகால் மணித்தியாலம் உள்ளே இருந்தார்கள். ஆறு பேர் குற்றமில்லை, ஒருவர் குற்றம். அந்த ஒருவர் யார் என்று இன்றுவரை தெரியாது. பெண் விடுதலை.

முதலியார் என்னைப் பற்றி எழுதிய அறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை. நான் விட்ட பிழையை எழுதியிருந்தார், நானே எழும்பிச் சொன்னதையும் எழுதியிருந்தார். என் வேலை நிரந்தரமாவது இரண்டு வருடம் தள்ளிப்போனது. சாவகச்சேரிக்கு மாற்றினார்கள். செசனில் பிறகு ஒருநாளும் நான் நிற்கவில்லை. நான் வெளிக்கிடும் நாள் அவர் தன் நோட்டுப்புத்தகத்தை என்னிடம் நீட்டினார். கடைசித் தாளில் அவர் கையெழுத்தில் 'மில்லி' என்றும், நேரே 'ஆயிரத்தில் ஒன்று' என்றும் இருந்தது. "பாத்து எழுதி எடும்," என்றார்.

தீர்ப்பு வந்த அன்று பின்னேரம், கடதாசி வேலை முடியும்வரை பொன்னம்மாவை விறாந்தை வாங்கில் இருத்தியிருந்தார்கள். அவளுடைய தமையன் மாட்டுவண்டில் பிடிக்கப் போயிருந்தான். நான் அந்த வழியால் போக வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவள்தான் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ."

"நீங்கள் மூவாயிரம் எண்டு சொன்னாப் பிறகு என்னைக் கீழை கொண்டுபோய் அடைச்சவை. பிறகு நீங்கள் வந்து பிழை எண்டு சொல்லுமட்டும் எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம். அதுக்குக் கொஞ்சம் கூட."

அவள் சீலைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குளிகையளைத் தேனிலை குழைச்சு நான்தான் அவருக்குக் குடுக்கிறனான். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. அவருக்குக் கைப்பு ஏலாது, வேண்டாம் எண்டுவார். நான் வற்புறுத்திப் பருக்கிறனான்." தலைப்பைச் சுற்றுவதை விட்டாள். "மூவாயிரம் எண்டு கேட்ட உடனை, அவ்வளவும் அந்தக் குளிகையளோடை என்ரை கையாலைதான் போயிருக்குது எண்டு விளங்கிச்சுது. நான்தான் அவரைக் கொன்றனான் எண்டு நம்பிப்போட்டன், ஐயா. அந்த ஒரு மணித்தியாலமும் எனக்குத் தூக்குப் பயம் வரேல்லை. தூக்கினால் சரி எண்டுதான் இருந்தனான்."

தமையன் படிக்கட்டடியில் நின்று, "வா பிள்ளை, வண்டில் நிக்குது," என்றான். அவள் எழுந்து, சீலையைச் சரிபண்ணிக்கொண்டு இறங்கிப் போனாள்.